கீழே வைக்க முடியாத கொம்பு

நோர்வே அங்கிள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோப்பையில் தேத்தண்ணி வந்து நான் கண்டதில்லை. அவருடைய செத்தவீட்டில்தான் அது முதல்முதலாக நடந்தது. மண்டபத்து மேசையில் கடதாசிக் கப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். டொக்டரும் பங்குச் சுவாமியாரும் பனி வழிக்கிற ஆளும் நானும் ஒரே மாதிரிக் கப்பில் கோப்பி குடித்தோம். பெட்டிக்குள் கிடந்த மனிதர் எழும்பிவந்து கப்புகளை மாற்றி வைக்கப் போகிறார் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் கோப்பியோடு விழுங்கிவிட்டேன்.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. ஸ்காபரோவில் அதைச் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அவர் முதலில் போய்ச் சேர்ந்தது நோர்வேயின் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலைக்கு. அங்கே ஐஸ் மீனைப் பிடித்துப் பிடித்து அவருடைய விரல் நுனிகள் மரத்துப்போயின. கொதிக்கிற கோப்பையையும் வெறுங்கையால் தூக்கி நீட்டுவார். வாங்குகிற நாங்கள்தான் 'ஆ' என்று கத்துவோம். பிறகு நகரத்துக்கு வந்து ஒரு மியூசியத்தில் காவலாளியாக நின்றார். வைக்கிங் காலத்துக் கோப்பைகள் இருக்கிற அறை அவருடைய அறை. கடைசியில் மனைவியின் சகோதரங்கள் எல்லாம் இங்கே என்பதால் கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவிலிருந்து தள்ளி விட்பியில் புதுவீடு ஒன்று எடுத்தார். ஒரே மகள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு இன்சூரன்ஸ் கம்பனியில் கிளெயிம் பார்க்கிறவள். கூரை ஒழுகியது, கார் களவு போனது என்று வருகிறவர்களின் கதையைக் கேட்டு, அதில் எந்த இடம் இடிக்கிறது என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் என்னை விடாது. சிரித்த முகத்தோடு ஒருவர் ஏதாவது நீட்டினால், ஏன் நீட்டுகிறார் என்றுதான் முதலில் யோசிப்பேன்.

அங்கிளின் சாப்பாட்டு அறையில் சுவர் முழுக்க ஒரு கண்ணாடி அலுமாரி. ஆக மேல் தட்டில் ஒரு மாட்டுக்கொம்பு படுத்திருந்தது. வாய்ப்பக்கம் வெள்ளிப்பூண், அதில் ஒன்றையொன்று விழுங்குகிற பாம்புகள் செதுக்கியிருந்தன. நுனியில் ஏதோ ஒரு மிருகத்தின் தலை. அடுத்த தட்டில் பச்சைக் கண்ணாடிக் கிண்ணங்கள். அவற்றுக்கு நடுவே, வாய் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பதற்கென்று எங்கள் ஊர்களில் வைத்திருக்கும் வெள்ளி மூக்குப்பேணி ஒன்று. அதற்குக் கீழே விளிம்பில் வெள்ளி வைத்த மரக் கிண்ணங்கள், அதற்கும் கீழே வெறும் மரக் கிண்ணங்கள். அடித்தட்டில் கடை மக்குகளும் சில்வர் தம்ளர்களும். மூக்குப்பேணியைத் தவிர மேல் தட்டுச் சாமான்கள் எல்லாம் பழையதைப் பார்த்துப் புதிதாகச் செய்தவை. நோர்வேயில் அதைச் செய்கிறவர்களைத் தேடிப்பிடித்து ஒவ்வொன்றாக வாங்கியிருந்தார்.

வீட்டுக்கு வருகிற ஆளை வாசலில் வைத்தே ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு அலுமாரிக்கு முன்னால் போய் நிற்பார். நாங்கள் கதிரையில் இருந்து அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருப்போம். கை எந்தத் தட்டுக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. டொக்டர் வந்தால் பச்சைக் கண்ணாடி. சுவாமியாருக்கு வெள்ளி விளிம்பு. வீடு விற்கிற ஏஜென்ட் ஒருவருக்கு வெறும் மரம். அந்த ஏஜென்ட் அதையே பெரிய மரியாதை என்று நினைத்து அதோடு படமும் எடுத்துக்கொண்டார்.

"வைக்கிங் ஆக்களின்ரை வீட்டிலை, நீ ஆர் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை பிள்ளை" என்று ஒருநாள் எனக்கு விளக்கினார். "கையிலை இருக்கிறதைப் பார்த்தால் போதும். கண்ணாடி எண்டால் ஜெர்மன் பக்கத்தாலை கப்பலிலை வந்தது, அது பெரிய வீட்டுக்காரருக்கு. வெள்ளிப்பூண் போட்ட கொம்பு ராசாவுக்கும் பெரிய சண்டைக்காரருக்கும். மரம் மற்றவைக்கு."

"மற்றவை எண்டால் ஆர் அங்கிள்?"

"மற்றவைதான்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

என்னுடைய தம்பியும் அவருடைய மகளும் ஒன்றாக பார்மசி படித்தவர்கள். படிப்பு முடிந்து, வேலையும் கிடைத்து, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று தம்பி வீட்டில் சொன்ன பிறகு, நானும் அவனும் முதல்தடவை விட்பிக்குப் போனோம். அன்றைக்குப் பக்கத்து வீட்டு டொக்டரும் வந்திருந்தார். அவருக்குப் பச்சைக் கண்ணாடி வந்தது. எனக்கும் தம்பிக்கும், மூடி போட்ட இரண்டு கடதாசிக் கப் வந்தது.

"உங்களுக்கு வழி தூரம். போகேக்கை காரிலை வைச்சுக் குடிக்கலாம்" என்றார் அங்கிள்.

நாங்கள் அப்போதுதான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வரும்போது நான் கொதித்துக்கொண்டு வந்தேன். தம்பி சிரித்தான். இரண்டு வயதில் இங்கே வந்தவன். "அக்கா, யூ ஆர் ஓவர்திங்கிங். கப்புக்கு மூடி இருந்தது, அவ்வளவுதான்" என்றான்.

அவனுக்கு அது மூடி போட்ட கப். எனக்கு அது அப்படி இல்லை. ஊரில் எங்கள் ஆட்களுக்குத் தேத்தண்ணிக் கடையில் தேங்காய்ச் சிரட்டை இருந்தது; பிறகு சிரட்டை போய்த் தனி கிளாஸ் வந்தது. சில வீடுகளில் அதுவும் இல்லை. முற்றத்தில் குந்தி இரண்டு கையையும் ஏந்தினால் மேலே இருந்து ஊற்றுவார்கள். சாதி என்ற சொல்லை வாயால் சொல்லவே தேவையில்லை, சாமான் சொல்லிவிடும். என்னுடைய அப்பா அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர். கிறிஸ்தவ வேதக்காரராக இருந்தும் அது எங்களை விட்டுவைக்கவில்லை. ஒரே கோயில், ஒரே பூசை, பிறகு வெளியே வந்தால் வேறு வேறு கிளாஸ்.

அதனால்தான் அப்பா இங்கே வந்தும் ஒருவர் வீட்டிலும் தண்ணிகூடக் குடிப்பதில்லை. எங்கே போனாலும் பைக்குள் சொந்தத் தண்ணிப் போத்தல். யாராவது எதையாவது நீட்டினால், "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்பார். ஸ்காபரோ முழுக்க அவர் சொன்ன ஒரே பொய் அதுதான்.

ஆனாலும் ஒரு கடதாசிக் கப்பை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். அடுத்தமுறை போனபோது மக் கிடைத்தது. அதற்கடுத்தமுறை தம்பிக்கு மரக் கிண்ணம், எனக்கு சில்வர் தம்ளர். ஏன் இது, ஏன் அது என்று என்னால் பிடிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் கண்டுபிடித்தேன். பாத்திரம் கழுவ அவர் தன் மனைவி அன்ரியை விடுவதில்லை. விருந்தாட்கள் எழும்பியதும் எல்லாவற்றையும் தானே சிங்குக்குக் கொண்டுபோவார்.

"முப்பது பேர் வந்தாலும் தானேதான் கழுவுவார்" என்றார் அன்ரி, பெருமையாகவா சலிப்பாகவா என்று தெரியாத குரலில். "உது உடைஞ்சு போகுமாம், எனக்குப் பக்குவம் காணாதாம். உள்ள சட்டி பானையெல்லாம் நான்தானே கழுவுறன், அதுக்குப் பக்குவம் காணும்."

கடதாசிக் கப் கொடுத்தால் கழுவ வேண்டியதில்லை என்று என் மனம் உடனே கணக்குப் போட்டது. நாங்கள் வாய் வைத்ததைக் கழுவுவதற்குத்தான் பஞ்சியோ, மனமில்லையோ என்று நினைத்தேன்.

அவர் பொல்லாதவர் என்று எழுதிவிட்டுப் போனால் எனக்கும் லேசாக இருக்கும். அப்படி எழுத முடியாது. ஒரு பனி மாரியில், விட்பிக்குப் போகிற வழியில் இருக்கிற ஏஜாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் என்னுடைய கார் சறுக்கிப் பள்ளத்துக்குள் போய் நின்றது. இழுக்கிற வண்டி வர நேரமாகும் என்றார்கள். தம்பி வேலையில். அங்கிளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது, கொஞ்சத்தில் அவருடைய வான் வந்து நின்றது. பனி வாருகிற சவள், போர்வை, சிவப்பு விளக்கு எல்லாம் கொண்டுவந்திருந்தார். அந்தக் குளிருக்குள் கையுறை இல்லாமல் சக்கரத்தைச் சுற்றிப் பனியை வாரினார். "எனக்கு இஞ்சை சூடு குளிர் ஒண்டும் விளங்காது பிள்ளை, செத்த விரல்" என்று கையைக் காட்டினார். பிறகு பிளாஸ்கைத் திறந்து, அதன் மூடியில் கோப்பி ஊற்றித் தந்தார். எனக்கு உடம்பெல்லாம் சூடு பரவியது. இப்படி ஒரு மனிதரையா சந்தேகித்தேன் என்று கண்ணில் தண்ணி வந்தது.

"நீங்களும் குடியுங்கோ அங்கிள்" என்று மூடியை நீட்டினேன்.

"இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்றார்.

அது அப்பாவின் வசனம். ஒரு சொல் மாறவில்லை. நான் மூடியைத் துடைத்துப் பிளாஸ்கில் பூட்டிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, இருக்கைக்குப் பின்னால் வைத்தார்.

இதற்கிடையில் கோயில் மண்டபத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மாதமும் யாராவது வந்து எதையாவது பற்றிப் பேசுவது வழக்கம். அந்த மாதம் அங்கிளைக் கேட்டிருந்தார்கள். அவர் அலுமாரியையே பெட்டிகளில் கட்டி வானில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பிள்ளைகளை நீள மேசையில் வரிசையாக உட்கார வைத்தார். தலைமாட்டில் இருந்த பிள்ளைக்குக் கொம்பு. அதற்கடுத்த பிள்ளைகளுக்குப் பச்சைக் கண்ணாடி. பிறகு வெள்ளி விளிம்பு, பிறகு வெறும் மரம். எல்லாவற்றிலும் அப்பிள் ஜூஸ். நல்ல பேச்சுக்காரர் என்பதை மறுக்கமாட்டேன்.

"மண்ணுக்குள்ளை கன காலம் கிடந்தால் கொம்பு உக்கிப் போயிடும். வெள்ளிப்பூண் மட்டும் நிக்கும். நான் காவல் நிண்ட பெட்டிக்குள்ளை இருந்தது வெறும் பூண்தான் பிள்ளையள். வாற சனம் நடுவிலை இருக்கிற ஓட்டையைப் பார்த்து, ஆகா கொம்பு எண்டு சொல்லிட்டுப் போகும்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

மேசையின் கடைசியில் ஒரு சின்னப் பெண்பிள்ளை வெறுங்கையோடு இருந்தாள். "எனக்கு?" என்றாள்.

"நீர் அடிமை. அடிமைக்குக் கோப்பை இல்லை. கையை ஏந்தும்" என்றார் அங்கிள்.

பிள்ளை விளையாட்டுத்தான் என்று இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். அவர் மேலே இருந்து ஊற்றினார். விரல்களுக்கு இடையால் ஒழுகிச் சட்டையெல்லாம் நனைந்தது. மண்டபம் கைதட்டியது. தாய்மார் படம் எடுத்தார்கள். எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த அப்பா எழும்பி வெளியே போனார். காருக்குள் போய் இருந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

நிகழ்ச்சி முடிந்து சாமான் கட்டுகிறபோது அங்கிள் என்னிடம் வந்தார். "எழும்பிப் போனது உங்கட அப்பாவோ?"

"ஓம். சுகமில்லை" என்றேன்.

துணியால் ஒரு கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். அது ஏற்கெனவே காய்ந்திருந்தது. "நீங்கள் ஊரிலை எவடம்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு காலமும் காத்திருந்தேன்; எவடம் என்று தெரிந்தால் எந்த ஆட்கள் என்றும் தெரிந்துவிடும். பக்கத்துப் பட்டினத்தின் பெயரைச் சொன்னேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொல்வோம்.

"அதிலை எவடம்?"

"சந்தியடி."

"சந்திக்கு எந்தப் பக்கம்?"

"சின்னனிலை வந்திட்டன் அங்கிள், எனக்கு வடிவாத் தெரியாது."

"ஓமோம்" என்றார். கிண்ணத்தைக் கடதாசியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கிளெயிம் வேலையில் நாங்கள் கேள்வியை நிறுத்துவது, பதில் கிடைத்துவிட்டால்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் விட்பியிலிருந்து சத்தமில்லை. மூன்றாம் வாரம் அன்ரி ஃபோன் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவேண்டும், கல்யாணக் கதையைக் கதைத்து முடிப்போம் என்றார். தம்பி வீட்டுக்குள் துள்ளாத குறை. அப்பா மட்டும் முகம் கொடுக்கவில்லை.

"தெரிஞ்சுகொண்டு பொம்பிளை தாறாரெண்டால் நல்லது" என்றார். "தெரியாமல் தாறாரெண்டால், தெரிய வாற அண்டையிலிருந்து இவன் அந்த வீட்டிலை கடதாசிக் கப்பிலைதான் குடிப்பான். இவன்ரை பிள்ளையளும் அதிலைதான் குடிக்கும். நான் கண்டதுகள் காணும். அப்பிடியொரு கல்யாணத்துக்கு நான் ஓம் சொல்லமாட்டன்."

"அப்பா, திஸ் இஸ் கனடா" என்றான் தம்பி.

"அவரின்ரை அலுமாரி எங்கை இருக்கு? கனடாவிலைதானே?"

அப்பா ஓம் சொல்லாமல் அவன் கட்டமாட்டான். அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தது அப்பாதான். அன்றைக்குப் பின்னேரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, ப்ளீஸ், நீங்கள் அப்பாவோடை கதையுங்கோ" என்றான். அவனுடைய குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. கதைத்தேன். "முதலிலை போவம். பார்ப்பம்" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அன்ரியின் சகோதரங்கள், டொக்டர், சுவாமியார் என்று வீடு நிறைந்திருந்தது. ஆட்டிறைச்சிக் கறி வாசம் வாசல்வரை வந்தது. அங்கிள் வெள்ளைச் சேட்டில் நின்றார். எல்லோரும் உட்கார்ந்ததும் அலுமாரிக்கு முன்னால் போனார். கை அடித்தட்டைத் தாண்டியது, மரத்தைத் தாண்டியது, கண்ணாடியையும் தாண்டியது. எட்டிக் கொம்பை எடுத்தார். அதை யாருக்கும் எடுத்து நான் கண்டதில்லை. மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்ததோடு சரி.

தேன் கலந்த பியரை அதற்குள் ஊற்றினார். "வைக்கிங் ஆக்களின்ரை விருந்திலை வீட்டுக்காரிதான் கொம்பைக் கொண்டுவந்து குடுக்கவேணும்" என்று அன்ரியைப் பார்த்தார்.

"எனக்கு முழங்கால் நோ. நீங்களே காவிக்கொண்டு போய்க் குடுங்கோ" என்றார் அன்ரி. எல்லோரும் சிரித்தார்கள்.

"முதல் வாய் வீட்டுக்காரன் குடிக்கவேணும். நஞ்சில்லை எண்டு காட்ட. பிறகு அந்தச் சபையிலை ஆகப் பெரிய ஆளுக்கு அதே கொம்பைக் குடுக்கவேணும். அதைவிடப் பெரிய மரியாதை அவையிட்டை இல்லை." சொல்லிவிட்டுக் கொம்பை வாயில் வைத்து ஒரு வாய் குடித்தார். துடைக்கவில்லை. நேரே நடந்துவந்து அப்பாவுக்கு முன்னால் நின்று, இரண்டு கையாலும் நீட்டினார். "அண்ணை" என்றார். அன்றைக்குத்தான் முதல்முதல் அப்படிக் கூப்பிட்டார்.

நோர்வேயில் அது ஆகப் பெரிய மரியாதையாக இருக்கலாம். எங்களுக்கு அது அவர் குடித்த மிச்சம். தாங்கள் உண்டு குடித்த எச்சிலைத்தான் எங்கள் ஆட்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். இந்த மனிதருக்கு அது தெரியாதா? தெரிந்துகொண்டுதான் வைக்கிங் கதையால் மூடித் தருகிறாரா? அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தம்பி பல்லைக் காட்டிக்கொண்டு ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

'இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்' என்று அப்பா சொல்லப் போகிறார், கல்யாணம் இந்த இடத்தோடு சரி என்று நினைத்தேன். அப்பா கொம்பை வாங்கினார். பூணில் அங்கிளின் வாய் பட்ட இடத்தைப் பார்த்தார். அந்த இடத்திலேயே வாயை வைத்துக் குடித்தார். பிறர் வீட்டில் அப்பாவின் தொண்டைக்குழி ஏறி இறங்கியதை அன்றைக்குத்தான் கண்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா கொம்பை இறக்கி, உள்ளே பார்த்தார். பிறகு அதே இரண்டு கையால் திருப்பி நீட்டினார்.

"மிச்சம் உங்களுக்கு" என்றார்.

அப்பா அண்ணை என்றும் சொல்லவில்லை, தம்பி என்றும் சொல்லவில்லை.

அங்கிள் வாங்கினார். சிரித்தார். குடிக்கவில்லை. "சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ, கறி ஆறுது" என்றார்.

கொம்புக்கு அடி இல்லை. மேசையில் வைத்தால் சரிந்து கொட்டிவிடும். அதனால்தான் வாங்கினவன் குடித்து முடிக்கவேணும் என்று அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். இப்போது அவர் கையில் அது. வலக்கையில் வைத்திருந்தார், பிறகு இடக்கைக்கு மாற்றினார். இடக்கையில் கொம்போடு சுவாமியாருக்குச் சோறு போட்டார். கொம்போடு படத்துக்கு நின்றார். "குடுங்கோ அங்கிள், நான் பிடிக்கிறன்" என்று தம்பி போனபோது, "இல்லைத் தம்பி, இருக்கட்டும்" என்றார். அப்பா சாப்பிடவில்லை. தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தபடி அந்தக் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அறை முழுக்கச் சிரிப்பும் கதையும். ஆனால் தம்பியின் கல்யாணம் எந்த இடத்தில் நிற்கிறது என்று அப்பாவுக்கும் எனக்கும் அந்த மனிதருக்கும்தான் தெரிந்திருந்தது.

கொஞ்சத்தில் அவரைக் காணவில்லை. நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு, கழுவப் போகிறவள் போல, குசினிப் பக்கம் போனேன்.

சிங்குக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஊற்றப் போகிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், ஊற்றவேண்டும் என்றுகூட எனக்குள் ஏதோ ஒன்று ஆசைப்பட்டது. நான் சந்தேகித்தது சரி என்று ஆகிவிடும். அவர் கொம்பை வாய்க்குக் கொண்டுபோனார். இறக்கினார். மறுபடி கொண்டுபோனார். மறுபடி இறக்கினார். கசாய மருந்துக்கு முன்னால் நிற்கிற பிள்ளை போல நின்றார். பிறகு சட்டென்று அண்ணாந்து, கொம்பை உயர்த்தி, கடைசிச் சொட்டுவரை குடித்தார். பூணில் அவருடைய உதடு அழுந்தியிருந்ததை நான் கண்டேன்.

அவ்வளவோடு நின்றிருந்தால் நான் அந்த இடத்திலேயே அவர் காலைத் தொட்டிருப்பேன்.

அவர் டாப்பைத் திறந்தார். கையில் தண்ணியை ஏந்தி வாய்க்குள் விட்டுக் கொப்பளித்தார். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு, துப்புவதற்குக் குனிந்தவர், பக்கத்தில் நிழலாடியதைப் பார்த்துத் திரும்பினார். வாசலில் நான் நிற்கிறேன். அவருடைய வாய்க்குள் தண்ணி. கண் இரண்டும் என்னைப் பார்த்தபடி. டாப் ஓடிக்கொண்டிருந்தது. துப்பவும் இல்லை, பேசவும் முடியவில்லை.

பிறகு விழுங்கினார்.

அது தொண்டையால் இறங்குவதைப் பார்த்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. புறங்கையால் வாயைத் துடைத்தார். டாப்பைப் பூட்டினார்.

"ஹோலிலை அப்பா எழும்பிப் போகேக்கையே எனக்கு விளங்கினது பிள்ளை" என்றார், மெல்ல. "வீட்டுக்கு வந்து இவவுக்கும் சொல்லேல்லை, மகளுக்கும் சொல்லேல்லை. ரெண்டு கிழமை நித்திரை இல்லை." கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு அறுபது வயசுக்கு மேலை. விரல் செத்திட்டுது. மனசுக்குள்ளை கிடக்கிற உதுவும் செத்திருக்கும் எண்டு நினைச்சன். சாகேல்லை."

கையில் இருந்த சாப்பாட்டுத் தட்டைச் சிங்குக்குள் வைத்தேன். கோபமும் இரக்கமும் ஒன்றாக வரும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

"அப்பாவிட்டைச் சொல்லும்" என்றார். "நான் குடிச்சிட்டன் எண்டு சொல்லும்."

வேறொன்றும் கேட்கவில்லை. கண்டதைச் சொல்லாதையும் என்று ஒரு சொல் கேட்டிருந்தால், நான் கண்டதையெல்லாம் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் கேட்கவில்லை. கொம்பைக் கழுவாமல், துணியால் துடைக்காமல், அப்படியே எடுத்துக்கொண்டு போய் அலுமாரியின் மேல் தட்டில் வைத்தார்.

பொழுது படுவதற்கு முன்னமே வெளிக்கிட்டோம். நான்கு-பூச்சியம்-ஒன்று பெருவீதியில் நல்ல நெரிசல். தம்பி ஓட்டினான். அப்பா அவனுக்குப் பக்கத்தில், நான் பின்னால். ஏஜாக்ஸ் தாண்டியதும் அப்பா திரும்பாமல் கேட்டார்.

"குடிச்சவரோ?"

"குடிச்சவர் அப்பா."

"நீ கண்டனியோ?"

"என்ரை கண்ணாலை கண்டனான். கடைசிச் சொட்டுவரைக்கும்."

அப்பா கொஞ்ச நேரம் முன்னால் போகிற கார்களின் சிவப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், அவர் என்னைவிடப் பெரிய கிளெயிம்காரர். விடமாட்டார்.

"பிறகு?" என்றார்.

முன் கண்ணாடியில் தம்பியின் முகம் தெரிந்தது. ஒன்றும் விளங்காமல், ரேடியோப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு, இவ்வளவு சந்தோசமாக அவனை நான் கண்டதில்லை.

"பிறகு தண்ணி குடிச்சவர்" என்றேன்.

அப்பா மடியில் இருந்த பையைத் திறந்து தன்னுடைய தண்ணிப் போத்தலை எடுத்தார். மூடியைப் பாதி திருகினார். என்ன நினைத்தாரோ, குடிக்காமல் மறுபடி பூட்டி, பைக்குள் வைத்தார்.

"வட் ஆர் யூ கைஸ் டோக்கிங் அபவுட்?" என்றான் தம்பி.

"ஒண்டுமில்லை" என்றார் அப்பா. "சுவாமியாரிட்டை நாள் கேள்."